சாகச் சாகப் பெருகிய படை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. அப்போதுதான் தலைமையாசிரியர் ஜேசுதாஸ் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். போட்டால் ஜெபசீலன் அந்தப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர விஞ்ஞான வாத்தியார். போடாவிட்டால் கொட்டாரம் ஊரில் அப்பாவின் வாழைத்தோட்டம். அவனுக்குப் பேசி வைத்திருக்கும் ராகேலின் அப்பா வாழைத்தோட்டத்துக்குப் பெண் கொடுக்கிறவர் இல்லை.

இப்போது ஜெபசீலன் மஞ்சாடி விதைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பதினெட்டு இருக்க வேண்டிய தேங்காய்ச் சிரட்டையில் இருபத்து மூன்று இருந்தது.

தலைமையாசிரியர் வீட்டு முன்னறையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, குளச்சல் போரைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைக் கடற்கரையில் மடக்கித் தோற்கடித்த போர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு மிஷன் துரை விட்டுச் சென்ற ஈயச் சிப்பாய்கள்தான் இரண்டு படையும். எல்லாருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு. ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே என்று, தலைமையாசிரியரின் மனைவி நேசம்மாள் பாதிப் பேருக்குச் சுண்ணாம்பால் வேட்டி கட்டிவிட்டிருந்தாள்.

சிப்பாய்கள் பலகையில் ஒட்டியிருந்ததால் செத்தவனைத் தனியே எடுக்க முடியாது. ஆகவே படைக்கு நாலு அணி, ஒவ்வொரு அணிக்கும் பின்னால் ஒரு சிரட்டை. ஒரு விதை, ஒரு ஆள். திருவிதாங்கூருக்கு மஞ்சாடி, டச்சுக்காரருக்குப் புளியங்கொட்டை. பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை விதையை, அடித்தவர் எதிராளியின் சிரட்டையிலிருந்து எடுத்துச் செத்தவர் பெட்டியில் போட வேண்டும். மிச்சம்தான் அணியின் பலம். அதை எண்ணிச் சொல்வது ஜெபசீலன் வேலை.

திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமையாசிரியர். பூவா தலையா போட்டதில், டச்சுப் படை கோட்டாற்று ஜவுளிக்கடை முதலாளி மைதீன் பிச்சைக்கு விழுந்தது.

“நேர்மையா வெளாடினாலும் நம்ம ஆளுவ செயிப்பாவளான்னு பாக்கணும் வே. சரித்திரத்துக்குக் கள்ளக் கணக்கு ஆவாது” என்றார் தலைமையாசிரியர்.

மைதீன் பிச்சை பகடையை உருட்டினார். ஆறு.

“யா அல்லா” என்று பெருமூச்சு விட்டார்.

“செயிக்கவரு இப்பிடியா அழுவாரு?” என்று கேட்டாள் நேசம்மாள்.

“வயித்துக் கடுப்பும்மா.”

தடித்த விரல்காரர். சிரட்டைக்குள் கையை விட்டால் எடுப்பதற்கு நேரமாகும்.

கூடுதலான ஐந்து விதைகளும் எப்படியோ தவறி விழுந்திருக்கும் என்று ஜெபசீலன் முடிவு செய்தான். சத்தம் போடாமல் எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுத்தான்.

“என்ன வே கையில?”

தலைமையாசிரியரின் முன்னால் கையை விரித்தான். ஐந்து சிவப்பு விதைகள்.

“கூடுதலா இருந்துது சார்.”

“பகடையே போடாம எனக்க ஆளுவ அஞ்சு பேரக் கொன்னுட்டு நிக்கீரு. வைய்யும் வே அங்க.”

வைத்தான். இப்போது தவறு அதிகாரபூர்வமாகிவிட்டது.

இனி எழுத்தில் வைத்துக்கொள்வதே நல்லது என்று அவனுக்குப் பட்டது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் எண்ணி, சீட்டில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினான். முதல் சீட்டு: பதினேழு. இருவரும் போட்டார்கள். அடுத்த அடியில் நாலு பேர் செத்தார்கள். பதிமூன்று இருக்க வேண்டும்.

பத்தொன்பது இருந்தது.

தலைமையாசிரியர் சீட்டை எடுத்துக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ஜெபசீலனைப் பார்த்தார்.

“நாலு பேரு செத்ததுல ஆறு பேரு கூடியிருக்கான். இது என்ன கணக்கு வே?”

ஜெபசீலன் அடுக்களையில் நேசம்மாளிடம் போனான்.

“அக்கா, பெருக்கும்போ கீழ கெடந்த விதை எதையும் எடுத்து சிரட்டையில போட்டியளா?”

“எனக்குக் கோழி முட்டைய எண்ணவே நேரமில்ல. ஒங்க பட்டாளத்தையா எண்ணப் போறேன்? போவும் அந்தால.”

காப்பி நேரம் வந்தது. ஜெபசீலனுக்கு மூன்றாவது யோசனை தோன்றியது.

“சார், முன்னறையப் பூட்டிட்டுப் போவோம். சாவி எனக்க கையில இருக்கட்டும்.”

பூட்டினான். பின்கட்டில் எல்லாரும் கருப்பட்டிக் காப்பியும் முந்திரிக்கொத்தும் சாப்பிட்டார்கள். ஜெபசீலன் மட்டும் எதையும் தொடவில்லை. சட்டைப்பைக்குள் சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

“மக்கா, ஒரு கொத்தாவது தின்னு” என்றார் மைதீன் பிச்சை, மிகுந்த இரக்கத்தோடு.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் எண்ணினான். நாலு சிரட்டையும் செத்தவர் பெட்டியும் சேர்த்து. போர் தொடங்கும்போது திருவிதாங்கூர்ப் படை நூற்றிருபது பேர். உயிரோடு இருப்பவரும் செத்தவரும் சேர்ந்து இப்போதும் நூற்றிருபதுதான் வர வேண்டும்.

நூற்று முப்பத்தொன்று வந்தது.

பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று புதன்கிழமைதான் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியிருந்தான்.

“சாவி யாருட்ட இருந்துது?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“எனக்கிட்ட சார்.”

“இந்தப் பூட்டுக்கு வேற சாவி கெடையாதுன்னு தெரியும்லா?”

“தெரியும் சார்.”

பூட்டுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் ஜெபசீலனுக்கு உறைத்தது. அதைச் சொல்லலாம். சொன்னால், கணக்குப் பார்க்க வந்தவன் கணக்கே பார்க்கவில்லை என்றாகும்.

தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டால் குரல் தாழும். இப்போது பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

“எனக்க படைக்கு ஆள் கூடினா யாருக்கு லாபம்? எனக்கு. நான் செய்யல்ல. முதலாளிக்கு நட்டம், அவரு செய்ய மாட்டாரு. எனக்க வீட்டுக்காரிக்கு நேரமில்ல. மிச்சம் யாரு வே?”

ஜெபசீலன் சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

“திங்கக்கெழம கையெழுத்துப் போடப் போறவன் தோத்துரப்பிடாதுன்னு ஆள் சேத்திருக்கீரு. இன்னைக்கு எனக்கு மஞ்சாடி சேப்பீரு. நாளைக்குக் கமிட்டிக்காரன் மவனுக்கு மார்க்கு சேப்பீரு.”

“சார், சத்தியமா...”

“சத்தியம் பண்ணாதயும். வேதத்துல வெலக்கியிருக்கு.”

மேசை இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார்.

“திங்கக்கெழம வரைக்கும் எதுக்குக் காக்கணும்?”

“சாரே, வெளாட்டுதானே. பயல விட்டுருங்க” என்றார் மைதீன் பிச்சை. அவருக்கு வேர்த்திருந்தது.

“வெளாட்டுல கள்ளம் பண்ணுகவனுக்கு வேலையில பண்ண எத்தன நாளாவும்?”

“அவனுக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்ய? எழுதத்தான் செய்வேன்.”

பேனாவை மையில் தோய்த்தார். ‘இந்தப் பதவிக்குத் தகுதி’ என்று எழுதினார். அங்கே மை தீர்ந்தது. அடுத்து வரப்போகும் சொல் என்ன என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நேசம்மாள்கூட அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஜெபசீலன் மனதுக்குள் வாழைக்கு மண் அணைக்கத் தொடங்கிவிட்டான்.

தலைமையாசிரியர் பேனாவை மைக்கூட்டுப் பக்கம் கொண்டுபோனார். மைக்கூட்டை ஒரு தடித்த கை மூடியது.

“எழுதாதீங்க சாரே, கூடின அம்புட்டு மஞ்சாடியும் நான் மடியில கொண்டாந்து போட்டது” என்றார் மைதீன் பிச்சை. “கடதான் எனக்குக் கோட்டாத்துல, பொறந்தது கொளச்சல்லயாக்கும், டச்சுக்காரன அங்க செயிக்க வச்சிட்டு, நான் எந்த மொவத்தோட ஊருக்குப் போவேன்?”