பெயர் சொல்லாமல் திட்டுகிறவர்

எழுத்தாளர் வெசெலின் பேஸ்புக்கில் ஒரு பத்திரிகையை நார் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டாராம் என்ற செய்தி, பெல்கிரேடில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கிளம்பி, அவருடைய மைத்துனர் வாய்வழியாகக் காப்பிக்கடை வரை வந்து சேர்ந்தது. எந்தப் பத்திரிகையை? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. வெசெலின் சொன்னால்தானே தெரியும்!

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எங்கும் நிரந்தர வேலை கிடையாது. கேட்கிற பத்திரிகைக்கெல்லாம் எழுதிக்கொடுத்துப் பிழைப்பவர். தன்மானம் உண்டு. வீட்டு வாடகையும் உண்டு. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது இவர் பேஸ்புக்கைத் திறந்து, ‘மதிப்புக்குரிய ஒரு வார இதழ்’ என்று ஆரம்பிப்பார். முதலில் ‘கயவர்கள்’ என்று எழுதி, ஒரு வாய் காப்பி குடித்து, அதை ‘சிலர்’ ஆக்கி, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ‘நண்பர்கள் சிலர்’ ஆக்கி, கடைசியில் வெளியிடுவார். ஊரே கண்டுபிடிக்க வேண்டும், திட்டு வாங்கியவர் மட்டும் கண்டுபிடிக்கக் கூடாது. லேசான வித்தையா இது? யாராவது நேரில் கேட்டால், “ஆள் முக்கியமில்லைங்க, போக்குதான் முக்கியம்” என்பார். இரண்டாவது கிளாஸ் ராக்கியாச் சாராயத்துக்குப் பிறகு ஆள் முக்கியமாகிவிடுவார்; அதுவும் காதோடு காதாக.

இந்த முறை வெசெலினுக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. டான்யூப் ஆற்றங்கரையில் மீன் சூப் கடை வைத்திருக்கும் வுகோசாவாவைப் பற்றி ‘நாற்சந்தி’ இதழுக்கு எழுதியிருந்தார். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடக் கம்பெனி ஆட்கள் மிரட்டியதை அந்த அம்மாள் தன் பெயரைப் போட்டே எழுதச் சொல்லியிருந்தாள். இதழ் வந்தபோது அவள் பேச்சு மொத்தமும் காணோம். ‘கரைக்குப் புது ஒளி பிறக்கிறது’ என்று யாரோ ஒரு வரியைச் சேர்த்து முடித்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம். கட்டுரைத் தலையில் கொட்டை எழுத்தில் வெசெலின் பெயர்.

ஆகவே பதிவு போட்டார். பெயர் சொல்லாமல்தான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ‘நாற்சந்தி’க்குச் சம்பந்தமே இல்லாத மூன்று ஆசிரியர்கள், “எங்களத்தானே சொன்னே? மன்னிச்சிருப்பா” என்று தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். நான்காவதாக ‘நாற்சந்தி’ ஆசிரியர் திஹோமிரே போனில் வந்தார்.

“தம்பி, பிரமாதம்! அந்தப் பயலுகளுக்கு நல்லாக் குடுத்தே!”

“அண்ணே, அது வந்து...”

“பேரைச் சொல்லாதே, எனக்குத் தெரியும் யாருன்னு. இதையே பெருசா எழுது, அட்டைல போடறேன். சாயங்காலம் கூப்பிடறேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

திட்டு வாங்கியவரே கைதட்டினால் மனிதன் என்னதான் செய்வான்? வெசெலின் மீன் கடைக்குப் போனார்.

“வாங்க எழுத்தாளரே” என்றாள் வுகோசாவா, தட்டை ணங்கென்று வைத்து. “புது ஒளி பிறந்திருக்கு. முள்ளு நல்லாத் தெரியும், பாத்துச் சாப்பிடுங்க.”

“அக்கா, சத்தியமா அத நான் எழுதல. அவங்க வெட்டிட்டாங்க.”

“எவங்க?”

“ஒரு குறிப்பிட்ட...”

“குறிப்பிட்டதுன்னா பேரு இருக்குமே!”

“பதிவு போட்டேனே, பாக்கலயா?”

“தெருவே பாத்துச்சு. பாதிப் பேரு நீ மீனவர் சங்கத்து மாசப் பத்திரிகையத் திட்டறேன்னு நினைச்சு அங்க போய்ச் சண்டை போட்டாங்க.” கரண்டியைக் கீழே வைத்தாள். “புதன்கிழமை நகராட்சியில விசாரணை. உன் கட்டுரையக் காட்டித்தான் கம்பெனிக்காரங்க, காலி பண்ணக் கரைக்காரங்களுக்கே சம்மதம்ங்கறாங்க. என் பேரப் பத்திரிகைக்காரங்க எடுத்தாங்க, அவங்க பேர நீ எடுத்துட்டே. இப்ப எனக்கு யாரு சாட்சி?”

வெசெலின் ரொட்டியைப் பிய்த்தார். சாப்பிடவில்லை.

அப்போது போன் அடித்தது. திரையில் ‘நாற்சந்தி’ திஹோமிர் என்று வந்ததை வுகோசாவாவும் எட்டிப் பார்த்தாள்.

“எடு தம்பி. அவர்தானா வெட்டினது? என் முன்னாடியே கேளு.”

கையில் ஒட்டாத சூப்பை வெசெலின் இரண்டு முறை துடைத்தார். ‘வெட்டியது நீங்கதாண்ணே’ என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. பின்னாலேயே, அதை இடித்துத் தள்ளிக்கொண்டு, ‘பொதுவாப் பாத்தா’ என்ற வாக்கியமும் வந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தாராளமாக. ஆனால், ‘சில அலுவலகங்களில் இப்படித்தான் நடக்கிறது’ என்று போன மாதம் நீங்கள் பொங்கி எழுதினீர்களே, அதற்கு முதல் ஆளாக வந்து கட்டைவிரல் உயர்த்திவிட்டுப் போனது யார்? உங்கள் மேலதிகாரிதானே?

போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. நீங்களாக இருந்தால் இந்நேரம் எடுத்திருப்பீர்கள், இல்லையா?