கதவுச் சத்தம் கேட்கிறவர்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களைச் சுற்றி ஓர் இனம் திரிகிறது. விலங்கியல்காரர்கள் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆனால் உங்கள் தெருவில் ஒருவர், அலுவலகத்தில் இருவர், மாமனார் வீட்டில் கட்டாயம் ஒருவர் உண்டு. ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாமா என்று நீங்கள் மனதுக்குள் நினைத்தாலே போதும், அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். உங்கள் போனைப் பிடுங்கி, ஆன்லைன் விளம்பரத்துப் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, டயரை உற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இது வெள்ளத்துல கெடந்த வண்டி" என்பார். எப்படித் தெரியும்? தெரியும், அவ்வளவுதான். "முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று நீங்கள் இழுத்தால், "மீட்டர் ஓடலன்னு சொல்லும், வண்டி ஓடலன்னு சொல்லாதேயும்" என்று ஒரே போடு போட்டுவிட்டு, டீக்கடையில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள் என்று ஒரு நோட்டம் விடுவார். இத்தனைக்கும் அவர் ஆயுசில் ஒரு பழைய வண்டி வாங்கியிருக்க மாட்டார். நீச்சல் தெரியாதவர்தான் கரையில் நின்று அதிகம் கத்துவார், கவனித்திருக்கிறீர்களா?

இந்த இனத்தின் தென்காசி வட்டாரத் தலைவர் பால்வண்ணநாதன். தனியார் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளர். வண்டி பார்க்கக் கிளம்பினால் அவரிடம் நாலு ஆயுதங்கள் இருக்கும். ஒடுங்கிய தகட்டைப் பட்டி வைத்துப் பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது என்பதால் ஒரு காந்தம். அடியில் படுத்துப் பார்க்க ஒரு டார்ச். படுக்க ஒரு பழைய செய்தித்தாள். நாலாவது, அவருடைய காது. கதவைத் திறந்து, சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். 'டப்' என்றால் நல்ல வண்டி. 'டொப்' என்றால் விபத்தில் சிக்கியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவர்களை அவர் பரிதாபத்தோடு பார்ப்பார்.

அவர் மனைவி இசக்கிச்செல்வி சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர். வளைகாப்பு, நிச்சயதார்த்தம், புதுமனை புகுவிழா என்று ஆர்டர்கள் குவிய, சாம்பார் அண்டாவையும் பாயசப் பாத்திரத்தையும் ஆட்டோவில் ஏற்றி இறக்கியே இடுப்பு போயிற்று. ஒரு வேன் வாங்கிவிடலாம் என்று அவரே காசு சேர்த்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியில் முந்நூறு பேருக்கு நிச்சயதார்த்தச் சாப்பாடு. அதற்குள் வண்டி வேண்டும்.

"பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல நம்ம அய்யாக்குட்டி அண்ணனுக்குத் தெரிஞ்ச வேன் ஒண்ணு வெலைக்கு நிக்காம். எட்டு வருசமா தக்காளி ஏத்துத வண்டி. அண்ணனே ரிப்பேர் பாத்ததாம். அத ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்" என்றார் இசக்கிச்செல்வி.

பால்வண்ணநாதன் சிரித்தார். கல்லூரியில் பிள்ளைகள் தப்பான அமிலத்தை ஊற்றும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. "தக்காளி வண்டில பாயசம் கொண்டு போனா ரசம்னு நெனச்சிருவான். ஆன்லைன்ல ஆயிரம் வண்டி கெடக்கு செல்வி. பாக்கத் தெரிஞ்ச கண்ணு வேணும்."

அந்தக் கண் மூன்று நாள் தூங்கவில்லை. ராணுவத்தில் வேலை, அவசர இடமாற்றம், பாதி விலை என்று வந்த விளம்பரங்களை எல்லாம், "பிராடு, இதெல்லாம் நம்மகிட்ட நடக்குமா?" என்று தள்ளினார். பெருமையாக இருந்தது. நாலாம் நாள் மாட்டியது ஒரு வெள்ளை வேன். ஒரே ஓனர். கீறல் இல்லை. படத்தில் வண்டிக்குப் பின்னால் குற்றால மலையே தெரிந்தது!

போனில் பேசியவன் குரலில் தேன் வழிந்தது. "சார், நான் சென்னையில இருக்கேன். வண்டி எங்க மச்சான் பேருல இருக்கு. அவங்க குடும்பத்தோட சீசனுக்கு ஐந்தருவி வந்திருக்காங்க, நேர்லயே பாத்துக்கோங்க. பாக்காம பணம் அனுப்பவே கூடாது சார், காலம் கெட்டுக் கெடக்கு."

பால்வண்ணநாதன் உருகிவிட்டார். பாக்காம அனுப்பாதே என்று சொல்கிறவன் திருடனாக இருப்பானா?

"ஒரே ஒரு விசயம் சார். எங்க அக்காவுக்கு வண்டிய விக்க மனசில்ல. அவகிட்ட வெலைப் பேச்சு மட்டும் எடுத்துராதீங்க, அழுதுருவா. பிடிச்சிருந்தா என் நம்பருக்கு டோக்கன் அட்வான்ஸ் இருபதாயிரம் போடுங்க, மச்சான் சாவி தந்துருவாரு. மதுரைல இருந்து ரெண்டு பார்ட்டி வந்துக்கிட்டே இருக்கு."

சனிக்கிழமை காலை. சாரல் பூத்தூவலாக விழுந்துகொண்டிருந்தது. மண் பட்டால் தெரியக் கூடாதென்று காக்கி பேன்ட், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் ஃபைல் என்று பால்வண்ணநாதன் ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் இறங்கினார். பின்னாலேயே அய்யாக்குட்டி. மார்க்கெட்டில் இருபது வருடமாக டெம்போ ஓட்டுகிறவர். இசக்கிச்செல்வி கட்டாயப்படுத்தி அனுப்பி வைத்திருந்தார்.

படத்தில் பார்த்த வேன், அதே எண்ணோடு, அங்கே நின்றது. கதவு திறந்திருக்க, கைப்பிடியில் ஈரத்துணி தொங்க, பக்கத்தில் ஒரு பெண் கேஸ் அடுப்பில் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். பெயர் கிறிஸ்டி, ஊர் நாசரேத். கணவரும் பிள்ளைகளும் அருவியில். ஆனால் அவருக்கு எந்தத் தம்பியும் கிடையாது. வேனை விற்கும் எண்ணமும் கிடையாது. யாரோ ஒருவன் முந்தின நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது அவருக்குத் தெரியாது. இதெல்லாம் இப்போது நமக்குத் தெரியும். பால்வண்ணநாதனுக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, மொதல்ல அந்த அம்மாட்ட ஒரு வார்த்த கேப்போம். பொறவு ஓட்டிப் பாப்போம்" என்றார் அய்யாக்குட்டி.

"ஏ சும்மா இரு. அவங்ககிட்ட வெலைப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன்." அய்யாக்குட்டி போய் ஒரு கல்லில் உட்கார்ந்து ரம்புட்டான் பழம் உரிக்கத் தொடங்கினார்.

நிபுணர் வேலையில் இறங்கினார். காந்தத்தை வண்டியின் விலாவில் ஒட்டினார், எடுத்தார், ஒட்டினார். செய்தித்தாளை விரித்து அடியில் நுழைந்தார். வெளியே வந்து ஃபைலில் குறித்தார். கதவை இழுத்துச் சாத்திக் கண்ணை மூடினார். 'டப்'. ஆகா.

காக்கி, ஃபைல், பேனா, அதிகாரமான மௌனம். கிறிஸ்டி அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தார். வந்திருப்பது வட்டாரப் போக்குவரத்து அதிகாரி!

"சார், நாங்க வாடகைக்கெல்லாம் ஓட்டல சார். சொந்த வண்டி."

சொந்த வண்டி என்று அவர் அழுத்திச் சொன்னது பால்வண்ணநாதனின் நெஞ்சைத் தொட்டது. "தெரியும்மா. கஷ்டமாத்தான் இருக்கும். ஆர்.சி. புக் இருக்கா?"

இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. புகைச் சான்றிதழ்கூட இருந்தது. ஆர்.சி.யில் கணவர் பெயர். மச்சான் பேருல இருக்கு என்று அவன் சொன்னதோடு இது ஒத்துப்போயிற்று. பால்வண்ணநாதன் பரவசமானார்.

"எல்லாம் சரியா இருக்கு. இனி முறைப்படி எடுத்துக்கிட வேண்டியதுதான்."

"எடுத்துக்கிடுததா?" கிறிஸ்டியின் குரல் உடைந்தது. "சின்னப் பிள்ளையள வச்சிக்கிட்டு நாங்க எப்படி சார் ஊருக்குப் போவோம்?"

அழுதுருவா என்று அந்தத் தம்பி எவ்வளவு சரியாகச் சொன்னான்! பால்வண்ணநாதன் கண்ணும் கலங்கியது. "கவலப்படாதீங்க. என் பிள்ள மாதிரி பாத்துக்கிடுவேன். வாரம் ஒருக்கா கழுவுவேன்."

எந்த அதிகாரி பிடித்த வண்டியைக் கழுவுவார்? கிறிஸ்டி யோசித்து முடிப்பதற்குள் இவர் நாலு அடி தள்ளிப் போய், இசக்கிச்செல்வியின் காசிலிருந்து இருபதாயிரத்தைப் போனில் அனுப்பிவிட்டு, மணமகன் மாதிரி நடந்து வந்து கையை நீட்டினார்.

"சாவி."

அப்போதுதான் அருவியிலிருந்து கிறிஸ்டியின் கணவர் வந்தார். ஆறடி உயரம், உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் ஒற்றைத் துண்டு. "யாருவே நீரு? எதுக்குச் சாவி?"

"மச்சான்!" என்றார் பால்வண்ணநாதன், பாசத்தோடு.

அடுத்த இரண்டு நிமிடம் நடந்ததை முழுவதும் எழுத முடியாது. எண்ணெய்க் கை சட்டைக் காலரைப் பிடித்தது, அய்யாக்குட்டி ரம்புட்டானை வீசிவிட்டு ஓடிவந்து நடுவில் விழுந்தார், "உங்க மச்சினன்தான் சொன்னான்", "எனக்கு ஏதுவே மச்சினன்?", "சார் ஆர்.டி.ஓ. இல்லையா?", "நான் கெமிஸ்ட்ரி லேப்" என்று நாலு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின, இந்தச் சந்தடியில் ஒரு குரங்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேன் மேல் ஏறி, அவர் எழுதிய குறிப்புகளை ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டது. பால்வண்ணநாதன் தேன்குரல்காரனை அழைத்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தைத் தேடினார். இல்லை.

அவர் செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேர்த்து வடிந்த முகத்தில் சாரல் விழுந்தது. போனது காசு மட்டுமா? செல்வி விடியுமுன் எழுந்து அரைத்த தேங்காயெல்லாம் கண்முன் வந்தது.

"சார், மொதல்ல ஒண்ணு ஒம்பது மூணு சைபருக்கு அடிங்க" என்று உலுக்கினார் கிறிஸ்டி. "சைபர் கிரைம் நம்பர். எங்க பக்கத்து வீட்டுப் பையனும் இப்படித்தான் பைக்குக்குக் காசு குடுத்தான். சீக்கிரம் சொன்னா அக்கவுண்டப் பிடிச்சு வைப்பாங்க."

புகார் பதிவானது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த கணவர், துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரி, சாப்பிட்டுட்டுப் போரும்" என்றார். பால்வண்ணநாதன் மீன் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. காரம் என்று சொன்னார். எல்லாரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள்.

வீட்டில் இசக்கிச்செல்வி கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. முழுவதையும் கேட்டார். குரங்கு வந்த இடத்தில் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த அம்மாட்ட, 'வண்டி வெலைக்கா?'ன்னு ரெண்டு வார்த்த கேக்க முடியலயா உங்களுக்கு?"

பால்வண்ணநாதன் காந்தத்தையும் டார்ச்சையும் எடுத்துப் பரண் மேல் வைத்தார்.

அன்று சாயங்காலமே இசக்கிச்செல்வி பாவூர்சத்திரம் போனார். தக்காளி வேனில் தானே ஏறி உட்கார்ந்து, அய்யாக்குட்டியை ஓட்டச் சொல்லி, மார்க்கெட்டை மூன்று சுற்றுச் சுற்றி, மெக்கானிக்கிடம் காட்டி, ஓனரின் முகத்தைப் பார்த்து, பேசி, வாங்கினார். மறுநாள் இலஞ்சிக்கு முந்நூறு பேர் சாப்பாடு சிந்தாமல் போயிற்று. பின்னால் சாம்பார் அண்டாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு பால்வண்ணநாதன் உட்கார்ந்திருந்தார். கதவு 'டொப்' என்றுதான் சாத்தியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எத்தனை நாளைக்கு? ஒன்பது நாள். பத்தாம் நாள், அனுப்பிய பணத்தில் பாதி வங்கியில் முடக்கி வைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்ததும், டீக்கடையில் அவர் குரல் கேட்டது. "இவனுவ எப்படி ஏமாத்துதானுவன்னு கண்டுபிடிக்கத்தான் நானே உள்ள இறங்கினேன். அனுபவம் வேணும்லா?" கூட்டம் கூடியது. கடையநல்லூரிலிருந்து ஃபாயிஸா என்ற டீச்சர், ஸ்கூட்டர் விளம்பரம் ஒன்றைப் போனில் காட்டி யோசனை கேட்கிற அளவுக்குப் புகழ் பரவியது. அவர் படத்தைப் பெரிதாக்கினார். டயரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது, பாதியில் எங்கேயோ, "நானா இருந்தா அந்த ஆளோட ஆதாரை முதல்ல கேட்டிருப்பேன்" என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்லவில்லையா? "வீடியோ கால் போடச் சொல்லியிருப்பேன், நம்மகிட்ட நடக்குமா?" என்று லேசாக நெஞ்சு நிமிரவில்லையா?

சொல்லியிருந்தால், தயவுசெய்து இன்று மட்டும், வண்டிப் படம் பார்க்க யாரிடமோ பிடுங்கிய அந்தப் போனைக் கீழே வையுங்கள்.