அரை நூல் நைனாவும் சாக்பீஸ் மெஷினும்

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக மனிதர்களைக் காக்க வைத்தவர் ஒருவர் உண்டென்றால் அது அரை நூல் நைனாதான். முருகனாவது காக்க வைத்த பிறகு காட்சி கொடுத்துவிடுவார். நைனா கடைசியில் "வத்து" என்பார். தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட்டு போட்டு மோட்டாரும் ரம்ப மெஷினும் ரிப்பேர் பார்த்து வந்தார். மரவேலையில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பேர். அதில் பாதி அரை நூல். நம் கண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நைனா கண்ணுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. தன் மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னார் என்று ஊரில் பேச்சு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்பினேன்.

வயதில் அவர் எனக்கு இரண்டு வருஷம் சின்னவர். இருந்தாலும் நான் அவரை நைனா என்பேன், அவர் என்னைப் பாவா, அதாவது மச்சான், என்பார். இது என்ன உறவு என்று அந்தத் தணிகேசனைத்தான் கேட்க வேண்டும்.

மலையடிவாரத்தில் எட்டடிக்குப் பத்தடிக் கடையில் நான் காவடி செய்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டத்தார் ஆடிக் கிருத்திகைக்கு நாற்பது காவடி கேட்டு வந்தார்கள். கை ரம்பத்தில் வருஷத்துக்குப் பதினைந்து செய்தாலே எனக்கு அதிகம். போதாததற்கு வலது தோள் வேறு மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டால்கூட ஒரு கைதான் தலைக்கு மேலே போகும். முடியாது என்று சொல்லலாம் என்றால் நாற்பது பேரும் மாலை போட்டு விரதம் இருப்பவர்கள். அவர்கள் வேண்டுதல் என் தோளால் நின்று போகலாமா? சின்னதாக ஒரு மேசை ரம்ப மெஷின் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "இன்னாங்க, மெஷின் ஓட்டறவங்க நாலு பேரைப் பார்த்துட்டேன். ஒருத்தருக்கும் பத்து விரலும் முழுசா இல்ல. நைனாவுக்கு இருக்குது. அவர் எதைச் சொல்றாரோ அதை வாங்குங்க."

அன்றோடு என் நிம்மதி போயிற்று.

அரக்கோணத்தில் இரண்டு கடை, சென்னையில் நாலு கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் நைனா சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, பலகையை நேராகப் பிடித்துக் கொடுக்கும் கைடு சட்டத்துக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளந்தார். பின்னால் அரை நூல் நெருக்கமாக இருந்தது. அரை நூல் யாருக்குத் தெரியப் போகிறது என்றார் விற்கிறவர்.

"கட்டைக்குத் தெரியும்" என்றார் நைனா. பின்னால் நெருக்கினால் கட்டை இறுகி, பிளேடு அதைத் தூக்கி ஆள் வயிற்றிலேயே அடித்துவிடுமாம்.

அடுத்த கடையில் இரும்புக் கால் வைத்த பெரிய மெஷின். இதை உள்ளே வைத்தால் பாவா வெளியே நின்றுகொண்டுதான் அறுக்க வேண்டும் என்று வெளியே வந்துவிட்டார். அதற்கடுத்த கடையில் கைக்கடக்கமாக ஒன்றைக் காட்டினார்கள். கத்திரிக்காய் நறுக்க நல்லது என்றார். ஆறாவது கடையில் எட்டு அங்குலப் பிளேடு போட்ட ஒரு மெஷினை முக்கால் மணி நேரம் தடவிப் பார்த்தார். வீட்டு கரண்டிலேயே ஓடும். கைடு சட்டமும் நேராக இருந்தது. நான் முருகா என்று பெருமூச்சு விட்டேன்.

"மெஷின் நல்லா கீது பாவா. உன் கடைதான் வத்து."

மறுநாள் காலை வந்து, கடையில் வாசலை ஒட்டி, தரையில் அந்த மெஷினைச் சாக்பீஸால் வரைந்தார். நாலு கோடு போதும். ஆனால் நாலு கோட்டோடு நிறுத்துகிற ஆளா அவர்? சட்டம், சுவிட்சு எல்லாம் போட்டு, நடுவில் பல்லுப் பல்லாகப் பிளேடையும் வட்டமாக வரைந்தார். ஒரு வாரம் இதில் வேலை செய், ஒத்து வந்தால் வாங்கலாம் என்று உத்தரவு.

நான் ஆறடிப் பலகையைக் காற்றில் தள்ளுவேன். நைனா பக்கத்தில் நின்று வாயாலேயே "ர்ர்ரீய்ங்" என்று மெஷின் ஓட்டுவார். கடையின் குறுக்கே வரைந்திருந்ததால் பாதியிலேயே பலகை எதிர்ச் சுவரில் போய் முட்டும். சத்தம் நின்றுவிடும். "சுவரு" என்பார். நாலு நாள் இதே பிழைப்பு. கிருத்திகைக்கு நாலு வாரம்தான் இருந்தது. ஒரு காவடிக்குக்கூடக் கட்டை அறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆர்.கே.பேட்டை வரை போக வேண்டியிருந்தது. கடையில் வீட்டம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போனேன். மலையிலிருந்து மொட்டைத் தலையோடு இறங்கி வந்த ஒரு ஆந்திரத்து அம்மாள், தரையில் இருந்த பல் வைத்த வட்டத்தைப் பார்த்திருக்கிறாள். இது யார் போட்ட சக்கரம் என்று கேட்டிருக்கிறாள். இவளும் உள்ளதைச் சொன்னாள்: "நைனா போட்டது."

தெலுங்கில் நைனா என்றால் அப்பா. அந்த அம்மாள் யாரோ பெரிய சாமியார் என்று நினைத்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது பிளேடின் நடுவில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மூன்று எலுமிச்சம்பழம். அந்த அம்மாளோடு வந்தவர்கள் சுற்றி வர இடமில்லாமல் நின்ற இடத்திலேயே தங்களைத் தாங்களே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு நைனா வந்தார்.

"இன்னா பாவா ஓரமா நின்னுகினு கீற? மெஷின்கிட்ட போய் நில்லு."

"எப்படி நைனா கால் வைக்கறது? கற்பூரம் ஏத்திட்டாங்க."

"அது ரம்பம்யா."

"ஏத்தறதுக்கு முந்தி ரம்பம்."

என்னை முறைத்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார். பழைய படத்தை மிதிக்காமல் வேறு படம் போட வேண்டுமென்றால், வாசலிலிருந்து நாலடி உள்ளே தள்ளி, மெஷினைத் தெருவைப் பார்க்கத் திருப்பித்தான் ஆக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே வரைந்தார். நான் பின்சுவரை ஒட்டி நின்று பலகையைத் தள்ளினேன். "ர்ர்ரீய்ங்" ஆரம்பித்தது. பலகை கற்பூரத்துக்கு மேலே போயிற்று, வாசலைத் தாண்டிற்று, நாலடி உள்ளேயும் இரண்டடி தெருவிலுமாக முழுசாக வெளியே வந்துவிட்டது. நைனா மூச்சு வாங்கத்தான் சத்தத்தை நிறுத்தினார்.

"சரி" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மெஷின் வந்தது. என் பழைய வேலை மேசையின் மட்டத்துக்கே அதை உயர்த்தி, அறுத்த பலகை நேரே மேசைமேல் போய்ப் படுக்கும்படி வைத்தார். கற்பூரம் ஏற்றிய இடம் மேசைக்கு அடியில் கால் படாமல் தப்பியது. தினமும் காலையில் வந்து ஒரு மணி நேரம் என் பக்கத்தில் நின்று திட்டுவார். "பிளேடுக்கு நேரா நிக்காத பாவா. கட்டை திரும்பி வந்துச்சின்னா மொதல்ல உன்னத்தான் விசாரிக்கும்."

கிருத்திகைக்கு முதல் நாள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று கூட்டி, நாற்பத்தொரு காவடி முடித்து வைத்தேன். பள்ளிப்பட்டுக்காரர்கள் வண்டியோடு வந்து நிற்க, நைனா அத்தனையையும் ஸ்கேல் வைத்து அளந்தார். நாற்பதை விட்டார். ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது அரை நூல் கோணல். யாருக்கும் தராத. நான் எடுத்துக்கறேன்."

வீட்டில் ஆணியில் மாட்டத்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மஞ்சள் வேட்டியும் அந்தக் காவடியுமாகப் படிக்கட்டின் அடியில் நிற்கிறார். முழங்கால் வலி என்று பல வருஷமாகப் படியேறாத மனுஷர். முந்நூற்று அறுபத்தைந்து படியும் அவர் பின்னாலேயே ஏறினேன். மேலே காவடியைச் செலுத்தித் திருநீறு வாங்கியதும் உமக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா கீது? நீதான் தெனம் அந்த மெஷின்கிட்ட நிக்கற. ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்."

கையிலிருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினேன். வலது தோள் மக்கர் பண்ணியதில் கோணலாக விழுந்தது. தெரிந்திருக்கும், அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதைத் திருத்தாமலே கீழே இறங்கி வந்தார்.