பதினாறரைக் கிலோமீட்டரில் ஒரு கல்யாணம்

விருதுநகர்,
4-1-2006

புனேயில் கணிதப் பேராசிரியராக விளங்கும் என் மைத்துனர் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு, மிளகாய் வத்தல் வியாபாரி தனுஷ்கோடி எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா பத்திரகாளி, மகள் பிரீத்திகா, கடையில் உள்ள மூட்டைகள் அனைவரும் நலம். உங்கள் நலத்தை, இதைப் படித்து முடித்த பிறகு எழுதவும்.

பிரீத்திகாவுக்குச் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் மகனைப் பேசி முடித்தது உங்களுக்குத் தெரியும். முகூர்த்தம் தை இருபத்தொன்று. எந்த ஊரில் என்பதுதான் இன்னும் யாருக்கும் தெரியாது. நம் வழக்கம் பெண் வீட்டில், அவர்கள் வழக்கம் மாப்பிள்ளை வீட்டில். வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று, பாயசம் நன்றாக இருந்த சந்தோஷத்தில், "உங்க ஊர்லயே வச்சிருவோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். மரியாதைக்குச் சொல்வதுதானே, அவர் மறுக்க வேண்டும், நான் வற்புறுத்த வேண்டும், கடைசியில் நம் ஊரில் நடக்க வேண்டும். மனுஷன் மறுக்கவே இல்லை. வீடு வரும்வரை உங்கள் அக்கா பேசவில்லை, வந்தபின் நிறுத்தவில்லை.

அப்போதுதான் புத்தி கெட்டு உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? முழுத் தூரத்தையும் விட்டுக் கொடுத்தாகிவிட்டது, இனி பாதித் தூரம் நம் பக்கம் இழுங்கள், அவர்கள் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பக்கம் இழுக்கட்டும், நீங்கள் நாலில் ஒன்று, அவர்கள் ஐந்தில் ஒன்று, இழுப்பு குறைந்துகொண்டே போய் ஒரு புள்ளியில் நின்றுவிடும் என்றீர்கள். சம்பந்தியும் புரொபசர் கணக்கில் வஞ்சகம் இருக்காது என்று ஒப்புக்கொண்டார்.

நம் கடை வாசலில் இருந்து அவர் அச்சக வாசல் என் டிவிஎஸ் மீட்டரில் சரியாக இருபத்து நாலு கிலோமீட்டர். பாதி இழுத்தேன், பன்னிரண்டு. போய்ப் பார்த்தால் கருவேலங்காடு, ஆடு மேய்த்த ஒரு பெண் என்ன அண்ணாச்சி தொலைத்தீர்கள் என்று கூடத் தேட வந்துவிட்டாள். அவர் எட்டு இழுத்தார், இருபது. அங்கே மின்விசிறி எல்லாம் போட்ட மண்டபமே இருந்தது, அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது, ஆனால் முறை என்னுடையதாயிற்றே, ஆறு இழுத்தேன், பதினாலு. அது கண்மாய்க்குள் இருக்கிறது, இந்த வருஷம் பார்த்துத் தண்ணீரும் இருக்கிறது. அவர் நாலே முக்காலும் சொச்சமும் இழுத்தார், பதினெட்டே முக்காலும் சொச்சமும். இதற்கிடையில் எண்ணூறு பத்திரிகை அவர் அச்சகத்தில் அடித்து, இடம் என்று போட்டதற்கு நேரே வெறுமையாக, கட்டுக் கட்டாகக் கிடக்கிறது.

பிரீத்திகாதான், இது முடியவே முடியாத இழுப்பு, எங்கே நிறுத்தினாலும் தப்பு அடுத்த இழுப்பைத் தாண்டாது, கடைசியாக நின்ற இரண்டு இடத்துக்கும் நடுவை எடுத்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும் என்று சொல்லிப் பதினாறரைக்குச் சற்று முன்னால் குறித்துக் கொடுத்தாள். நேற்று சம்பந்தியும் நானும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பட்டாசுக் கம்பெனி. கேட்டிலேயே என் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்ட வாட்ச்மேன் கண்ணுச்சாமி, விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டான்.

"சோறு பொங்காம, விளக்கு ஏத்தாம நடத்துறதா இருந்தா நடத்திக்கோங்க அண்ணாச்சி," என்றான்.

சம்பந்தி முகம் கறுத்துவிட்டது. "உங்க மச்சினன் கணக்கை நீங்களே வச்சுக்கோங்க. இனி நமக்குள்ள பேச்சு இல்ல," என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பிரீத்திகா அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "எம்புட்டு தப்பைத் தாங்குவீகன்னு முதல்ல சொல்லுங்கப்பா. அது தெரிஞ்சாத்தான் எங்க நிறுத்தணும்னு கணக்கு சொல்லும்," என்றாள். யோசித்துப் பார்த்தேன் மைத்துனரே. தாலி எங்கே கட்டினாலும் அன்று சாயங்காலம் அவள் போகப் போவது முழு இருபத்து நாலு கிலோமீட்டர். அதில் பாதியைத் திருப்பி இழுக்க எனக்கு முறை கிடையாது. அதைத் தாங்க முடியாமல்தான் இத்தனை நாள் பெட்ரோலைக் கொட்டி ரோட்டை அளந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆகவே, தாய்மாமன் என்ற முறையில் உடனே புறப்பட்டு வந்து, சம்பந்தியைச் சமாதானப்படுத்தி, கல்யாணம் விருதுநகரில்தான் என்று ஒரே பேச்சாகப் பேசி முடிக்கவும். பங்கு பின்னம் எதுவும் வாயில் வரக் கூடாது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். பராசக்தி மாரியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும், உங்கள் கணக்கிலிருந்து எங்களையும்.

இப்படிக்கு,
தனுஷ்கோடி

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது சம்பந்தியே போன் செய்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். "பெத்தவுக மனசு தெரியாம பேசிட்டேன் அண்ணாச்சி. விருதுநகர்லயே வச்சிருவோம், மனசாரச் சொல்லுதேன்," என்றார். அத்தனை பெரிய மனுஷன் அப்படி இறங்கி வந்ததில் என் மனசும் இளகி, "அதெப்படி அண்ணாச்சி, உங்க ஊர்லயேதான் வைக்கணும்," என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் மறுக்கவில்லை. உங்கள் அக்கா என் பின்னால்தான் நின்றிருக்கிறாள். பிரீத்திகா வண்டிச் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். நீங்கள் விருதுநகர் ஜங்ஷன் வரைக்கும் டிக்கெட் எடுங்கள், மீதித் தூரத்தை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.