நீலாத்ரி மாஸ்டர் போட்டுக்கொண்ட வளையல்

"சங்கு வளையல் கழண்டு வந்துடுச்சு, பவழ வளையலும் வந்துடுச்சு. அந்த இரும்பு வளையலையும் கழட்டிடுங்க, சித்தி" என்றான் அர்க்கன்.

"அது மட்டும் நடக்காது" என்றாள் சுதபா. "கல்யாணத்தன்னைக்கு மாமியார் போட்டுவிட்டது. கழட்டினா இவர் உயிருக்கு ஆகாது."

பக்கத்தில் நின்ற அவள் கணவர் நீலாத்ரி மாஸ்டருக்கு மானம் போயிற்று. அர்க்கன் அவருடைய பழைய மாணவன்; சுதபாவைச் சித்தி என்றே கூப்பிடுவான். ஸ்கேன் எடுக்க இந்த வாரம்தான் இந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவன். போதாக்குறைக்கு, கொல்கத்தாவில் மாஸ்டர் நடத்தும் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு.

"சித்தி, உள்ள இருக்கறது ராட்சசக் காந்தம். இரும்போட போகவே கூடாது. இந்தப் படத்தை வெச்சுத்தான், கட்டி எங்க முடியுது, நல்ல மூளை எங்க ஆரம்பிக்குதுன்னு மயிரிழை பிசகாம குறிச்சு, நாளைக்குக் கதிர் பாய்ச்சுவாங்க. இன்னைக்கு விட்டா பூஜை கழிஞ்சுதான் தேதி."

மாஸ்டர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். துர்கா பூஜைக்குக் கட்டியும் லீவு போடுமா என்ன?

"சுதபா, இதெல்லாம் சுத்த மடத்தனம். எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ தைரியமா உள்ள போ. நான் வழக்கம்போல எதிர் டீக்கடையில இருக்கேன்." ஆஸ்பத்திரி வாடையே அவருக்கு ஆகாது.

"பார்த்தியா அர்க்கா! ரோட்டை வேற கடக்கப் போறாராம்! பஸ் மோதினா?" சுதபா கையை இறுக மூடிக்கொண்டாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா மாலதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுதபா ஒரு பார்வை பார்த்தாள். மாலதி மறுபடி குனிந்துகொண்டாள்.

மச்சினியாவது புத்தி சொல்லட்டும் என்று மாஸ்டர் போன் போட்டார். அவளோ, "ஐயையோ! எங்க தெருவுல ஒருத்திக்கு வளையல் உடைஞ்ச அன்னைக்கே புருஷன் மாடிப்படியில உருண்டுட்டான்!" என்று அலறினாள்.

"செத்துட்டானா?"

"இல்ல, கால் சுளுக்கு."

கடைசியில் சுதபாவே ஒரு வழி சொன்னாள். "சரி, இவர் போட்டுக்கட்டும். நான் வெளிய வர்ற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு அசையக் கூடாது. சம்மதமா?"

அர்க்கன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான். மாஸ்டர் கையை நீட்டினார். சுதபா அழுத்தி மாட்டிவிட்டாள்.

கதவு மூடியது. உள்ளே தடதடவென்று சத்தம். மாஸ்டரின் தலைக்கு மேலே மின்விசிறி ஆடியது. நகர்ந்து உட்காரப் பயமாக இருந்தது. டீ வந்தது, சுட்டுவிடுமோ என்று வேண்டாமென்றார். இருபத்தேழு வருஷமாகத் தன்னோடு மல்லுக்கு நிற்கும் தலை அந்தக் குழாய்க்குள் தனியாகக் கிடக்கிறதே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. சங்கமாவது ஒன்றாவது! அவள் பிழைத்தால் போதும் என்று வளையலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நாற்பது நிமிஷம் கழித்து அர்க்கன் தலையை நீட்டினான். "படம் பளிச்னு வந்திருக்கு சார். சித்தி துளிகூட அசையல. நாளைக்குக் கதிர் வெச்சிடலாம்."

சுதபா உடை மாற்றப் போயிருந்தாள். இப்போது வளையல் மாஸ்டரின் கையை விட்டு வரமாட்டேன் என்றது. மாலதி சோப்புத் தண்ணீரோடு வந்தாள்.

"பார்த்தும்மா, மெதுவா! இருபத்தேழு வருஷமா அவ கழட்டாத வளையல்."

"யார் சொன்னா?" மாலதி சோப்பைத் தேய்த்தாள். "போன மாசம் முதல் ஸ்கேனுக்கு வந்தப்போ, நீங்க டீக்கடைக்குக் கிளம்பின மறு நிமிஷமே அம்மாவே கழட்டி என் கையில குடுத்துட்டு, தனியா அழுதுக்கிட்டே உள்ள போனாங்களே!"