செத்த இருங்க சார்

திட்டுகிற மேலதிகாரியிடம் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். கெஞ்சுகிற மேலதிகாரியிடம் மாட்டினால் தொலைந்தோம். ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் எனக்கு வாய்த்த மேனேஜர் இரண்டாம் ரகம். அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. டிரைவர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் 'செத்த இருங்க' சார்தான்.

சாயங்காலம் நாங்கள் குடையில் கை வைத்தால் போதும், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். "கிளம்பிட்டீங்களா? செத்த இருங்க தம்பி, இந்தா முடிஞ்சிரும்." செத்த என்றால் எங்கள் பக்கம் கொஞ்ச நேரம். அவரைப் பொறுத்தவரை அதற்கு எல்லையே கிடையாது. அட, ஒரு வார்த்தை வைதாலாவது சண்டை போட்டுவிட்டு வெளியே வரலாம். மனுஷன் தன் காசில் சுண்டல் வாங்கிக் கொடுத்துத் தானும் கூடவே உட்கார்ந்திருப்பாரே!

அப்படித் தூங்கி வழிந்து எழுதும் டூட்டி லிஸ்டில் ஒரே டிரைவரை அறந்தாங்கி பஸ்ஸுக்கும் கோட்டைப்பட்டினம் பஸ்ஸுக்கும் போட்டுவைப்போம். காலையில் அதைத் திருத்துவோம். அதில் காலை வேலை நின்றுபோகும். அதை முடிக்கச் சாயங்காலம் மறுபடி செத்த இருக்க வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

என் வீடு குடுமியான்மலையில். பஸ் கம்பெனியிலேயே வேலை பார்த்துக்கொண்டு கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டு, ஆபீஸ் பெஞ்சிலேயே படுத்துக் கிடந்த புண்ணியவான் நான். கல்யாணமான புதிது வேறு. "இன்னொரு நாள் வராம இருந்தீங்க, வந்திருக்கிற எங்கப்பாவோடயே எங்க ஊருக்குப் போயிருவேன்" என்றாள் என் மனைவி. அன்றைக்கே மறுபடி மேனேஜரிடம் மாட்டிக்கொண்டு பெஞ்சில் படுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பாவும் டிரங்குப் பெட்டியுமாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ஊருக்கு பஸ் மாறுமுன் சொல்லிக்கொண்டு போக வந்தாளாம். விஷயம் தெரியாத மேனேஜர் வாயெல்லாம் பல்லாக, "வாங்கம்மா! செத்த இருங்க, இந்தா அனுப்பிடுறேன்" என்றார்.

"தாலி ஏறுன நாள்லேருந்து செத்துத்தான் சார் இருக்கேன்" என்றாள் அவள்.

மேனேஜர் பேயறைந்தவர்போல அவளையும் என்னையும் பெட்டியையும் பார்த்தார். வெளியே குடுமியான்மலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டினார், டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார். "யோவ் டிரைவரு! செத்த இருய்யா! தம்பி வீட்டுக்குப் போகணும்!" பின்னாலேயே என் மாமனார், "ஐயா, எங்க பொட்டி! எங்க பொட்டி!"

பெட்டியே ஏறிவிட்டது. அவள் என்ன செய்வாள்? என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஏறினாள்.

மறுநாளிலிருந்து மணி அடித்ததும் மேனேஜர் "செத்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார். "கிளம்புங்க தம்பி, பஸ் போயிரும்." டூட்டி லிஸ்டில் தப்பும் நின்றுபோனது, போங்கள்!

சில வருஷம் கழித்து அவர் ஓய்வுபெற்ற அன்று, போட்ட மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நேரத்தோடு குடையை எடுத்தார். வெளியே என் பஸ் ஹாரன் அடித்தது. என்னைக் கேட்காமலே என் வாய் சொன்னது:

"செத்த இருங்க சார்."