வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்

பெருமதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் ரேடியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் ஏறக்குறைய நலம். தாங்கள் நலமாக இல்லை என்று தெரிந்தே எழுதுவதால், நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். தங்கள் போன் அணைந்தே கிடப்பதாலும், குடும்பக் குழுவிலிருந்து தாங்கள் வெளியேறிவிட்டதாலும், வாழ்க்கையில் முதன்முறையாகக் காகிதத்தில் கடிதம் எழுதுகிறேன். எப்படி எழுதுவது என்று ஒரு வீடியோ பார்த்தேன். மரியாதையாகத் தொடங்கி, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமாம். மரியாதை முடிந்தது. சுருக்கம் எனக்கு வராது என்பது, எனக்கு ரேடியோ என்று பேர் வைத்த உங்களுக்கே தெரியும்.

விஷயம் அந்தப் படம்தான் பெரியப்பா. உலகத்துல இருக்கிற எல்லாக் கொள்கைக்கும் தமிழ்ல ஒரு பக்கம்னு ஒரு இணையதளம் இருக்கு. என்னை மாதிரி ஆர்வக்கோளாறுங்க சேர்ந்து சும்மா நடத்துறது. நான் காலேஜ்ல படிச்சது கணக்குப்பதிவியல், ஆனா தத்துவம்னா உயிர். வீடியோக்களை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டு நானா கத்துக்கிட்டேன், அதனாலதான் எல்லா ஞானிகளும் எனக்குக் கீச்சுக் குரல்லயே ஞாபகம் இருக்காங்க. அங்க எனக்குப் படம் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு. பூனையைப் பத்தி எழுதினா பூனை படம் போட்டுரலாம், கொள்கைக்கு ஏது மூஞ்சி? நான் சேர்றதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்துலயும் சூரிய உதயம்தான். இன்பமே வாழ்வின் நோக்கம்னாலும் சூரிய உதயம், துன்பத்தைத் தாங்கிக்கோன்னாலும் அதே சூரிய உதயம், கொஞ்சம் இருட்டாக்கி வச்சிருப்பாங்க. நான் போன வேகத்துல சூரியனை ஒழிச்சேன்.

ஆனா தளத்துல ரெண்டு விதி. நாமளே எடுத்த படத்தைத்தான் போடணும். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் நீக்கி, அவர் திரும்பப் போட்டு மல்லுக்கட்டினா, ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வந்தே ஆகணும், அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. முதல் விதியாலதான் வந்துச்சு வினை. நானே எடுத்ததுன்னு என் போன்ல இருந்தது பூரா நம்ம குடும்பம். "எதையும் உறுதியாக அறிய முடியாது" பக்கத்துல அம்மா பால் பாக்கெட்டை மோந்து பாத்துட்டு இருக்காங்க. "நான் மட்டுமே உண்மை, மற்றதெல்லாம் என் மனத்தோற்றம்" பக்கத்துல மாமா கண்ணாடி முன்னாடி மீசையை ஒதுக்கிட்டு இருக்கார். "எல்லாம் முன்பே முடிவானவை" பக்கத்துல எங்கப்பா டிவி ரிமோட்டை அம்மாகிட்ட நீட்டுறார். பாராட்டு குவிஞ்சுது பெரியப்பா, எனக்குத் தலைகால் புரியல.

மிச்சம் இருந்தது "எதற்கும் அர்த்தமில்லை". அதுக்கு மட்டும் எந்தப் படமும் செட் ஆகல. அப்பதான் பெரியம்மா போன பிறகு உங்க வீட்டை ஒழுங்குபண்ண நானும் அம்மாவும் வந்தோம். அம்மா சேலை முந்தியை இழுத்துச் செருகி, துடைப்பத்தைத் தூக்கிட்டு ரூம் ரூமா பறந்தாங்க. நான் பின்பக்கம் எட்டிப் பாத்தா, நீங்க பிளாஸ்டிக் சேரைப் போட்டு வாஷிங் மெஷினுக்கு முன்னாடி உக்காந்து, உள்ள துணி சுத்துறதையே பாத்துட்டு இருந்தீங்க. கை ரெண்டும் முட்டி மேல. நான் கூப்பிட்டது காதுல விழல. பின்னாடி நின்னு ஒண்ணு எடுத்தேன். எடுக்கலாமான்னு கேக்கல. வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையா மாத்தி, அந்தப் பக்கத்துல போட்டேன்.

ஒரே ராத்திரில பரவிடுச்சு. "திங்கட்கிழமையும் நானும்"னு ஒருத்தன் போட்டான். "கல்யாணத்துக்குப் பிறகு"ன்னு இன்னொருத்தன். கடைசில நம்ம மாமா, எங்கிருந்தோ வந்ததுன்னு நினைச்சு, "யாருப்பா இந்தப் பாவப்பட்ட மனுஷன்?"னு சிரிக்கிற பொம்மை வச்சு நம்ம குழுவுலயே போட்டார். அம்மா, "டேய், அது அத்தான்டா!"ன்னு எழுதினாங்க. அடுத்த வரி, நீங்க வெளியேறிட்டீங்கன்னு. மறுநாள்லேர்ந்து மாமா காலை வணக்கம் அனுப்புறதைக்கூட நிறுத்திட்டார்.

நான் அம்மாகிட்ட, "பெரியப்பா ஏம்மா இதுக்குப் போய்க் கோச்சுக்கிறாங்க? படம் நல்லாதானே இருக்கு"ன்னேன். அம்மா அடிப்பாங்கன்னு நினைச்சேன். உக்காந்து அழுதாங்க.

"அன்னைக்கு மெஷின்ல துணியைப் போட்டது நான்தான்டி. நாற்காலில கிடந்த எல்லாத்தையும் அள்ளிப் போட்டேன். அதுல அக்காவோட சுவெட்டர் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் போட்டிருந்தது. அத்தான் அதைத் துவைக்காம வச்சிருந்தார்."

"அவர் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லலடி. ஓடி வந்து பாத்தார், கதவு பூட்டிக்கிச்சு. தண்ணி வடியுற வரைக்கும் திறக்காதே அது. சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். நான் வேற, அப்ப விஷயம் புரியாம, 'அத்தான், சோப்புத்தூள் போதுமா பாருங்க'ன்னு கேட்டேன். 'போதும்மா'ன்னார்."

பெரியப்பா, உலகத்துலயே எதுக்கும் அர்த்தமில்லைங்கிற பக்கத்துக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தாத ஒரு படத்தைத் தேடிப் பிடிச்சு நான் அங்க வச்சிருக்கேன். உடனே எடுத்துட்டேன். காரணம்னு கேட்ட இடத்துல, "உள்ளே பெரியம்மாவின் நீல சுவெட்டர் இருந்தது. படம் தவறான பக்கத்தில் உள்ளது"ன்னு எழுதினேன். வேற எந்தப் பக்கத்துல வைக்கலாம்னு பட்டியல் முழுக்கத் தேடினேன். அதுக்கு ஒரு கொள்கையும் இல்ல. இப்ப அந்த இடத்துல சாம்பல் கட்டம்தான் இருக்கு, "பொருத்தமான படம் கிடைக்கவில்லை"ன்னு.

கேக்காம எடுத்ததுக்கு மன்னிச்சிருங்க. அம்மாவையும் மன்னிச்சிருங்க, அவங்களுக்கும் அக்காதானே. நீங்க சாப்பிடுறீங்களான்னு மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்க. தாங்கள் நீண்ட காலம், எரிச்சலோடாவது, எங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

தங்கள் ரேடியோ

பி.கு.: மேலே எழுதுனதைப் படிக்காதீங்க. கவரை ஒட்டப்போற நேரத்துல தளத்துலேர்ந்து அறிவிப்பு வந்துச்சு. புதுசா யாரோ கணக்குத் திறந்து, அதே படத்தை அதே பக்கத்துல திரும்ப வச்சிருக்காங்க. காரணம்: "படமும் சரி, பக்கமும் சரி. எடுக்க வேண்டாம். ஒரே ஒரு திருத்தம். சுவெட்டர் நீலம் அல்ல, பச்சை. இடது கையில் ஒரு பொத்தான் இருக்காது." போனை அணைச்சிட்டு கம்ப்யூட்டரைப் போட்டிருக்கீங்க. பக்கமும் சரின்னு நீங்க சொல்றதை நான் ஒத்துக்கல பெரியப்பா, முக்கியமா அந்தப் பொத்தானால ஒத்துக்கல. நான் நீக்கியாச்சு, நீங்க திரும்பப் போட்டாச்சு, இனிமே ரெண்டாவது விதிதான். கணக்குத் திறக்கும்போது "சம்மதம்"னு அழுத்தியிருப்பீங்க, அதனால பேசித்தான் ஆகணும். கடிதத்தைத் தபால்ல போடல, நானே எடுத்துட்டு வந்து உங்க கதவுக்கு அடியில தள்ளுறேன். அம்மா செருப்பு மாட்டிட்டாங்க. பெல் அடிச்சா கதவைத் திறங்க.